தூக்கிட்டுப் போறாப்பல

"தூக்கிட்டுப் போறாப்பல இருக்கோணுங்க" என்று கோகிலவாணி சொன்னது திருமூர்த்தியின் காதில் விழுந்து, ஒரு நொடி அங்கேயே நின்று, பிறகுதான் உள்ளே இறங்கியது. காந்திபுரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடிக் கடை. சனிக்கிழமை காலை பதினொன்றரை. அவன் அப்போதுதான் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கண்ணாடி மேசைமேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, கீரைக்கட்டு விலை கேட்கிறவள்போல அவ்வளவு சாதாரணமாகத்தான் அதைச் சொன்னாள். ஆனால் பட்டியலில் அப்படி இல்லை. பட்டியலில் பெரிய போர்டு. பதினைந்து நாளாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதிய பட்டியல் அது. அவள் விளையாடுவதற்கென்று வீட்டிலேயே பூட்டிச் சேர்க்கப்போகிற கம்ப்யூட்டருக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று. முதல் வரியே மதர்போர்டுதான். மற்றதெல்லாம் வந்து உட்காருகிற பலகை அதுதான், அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மீதி தன்னால் அமையும் என்று அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெருசாக வாங்கினால் நாளைக்கு இன்னொரு ரேம், இன்னொரு கார்டு, எது வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றாள். பத்து வருஷம் என்று அவள் வாயால் கேட்டது அவனுக்குப் பிடித்திருந்தது. ஹாலில் ஜன்னலோரம் இடம்கூடப் பார்த்து, அங்கிருந்த செருப்பு ஸ்டாண்டை அவனே நகர்த்திவைத்தான்.

"சின்ன போர்டா, மினி ஐடிஎக்ஸா கேக்கறீங்க?" என்று கடைக்காரர் நவ்ஷாத் நிமிர்ந்து பார்த்தார். "போன்ல பெருசுன்னுதானக்கா சொன்னீங்க? எடுத்து வெச்சிருக்கேனே."

"மனசு மாறிப்போச்சுங்க."

"இதுல ரேமுக்கு ரெண்டே இடம்தான். கார்டுக்கு ஒண்ணே ஒண்ணு. விலையும் ஜாஸ்தி, கேபினெட்டும் சின்னதா மாத்தோணும். உங்க இஷ்டம்."

"பரவால்லீங்க. வைஃபை உள்ளயே இருக்கறதாப் பாருங்க. போற எடத்துல ஒயர் இருக்குதோ இல்லையோ."

நவ்ஷாத் மேல்மாடிக் குடோனில் ஒன்று கிடக்கும், பத்து நிமிஷம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தோடு போனார். போற எடத்துல. எந்த இடத்துக்கு? திருமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவன் தொழிலில் முதல் பாடம். பதினெட்டு வருஷமாக ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தின் க்ளெய்ம் பிரிவில், விபத்து நடந்ததாகச் சொல்லிப் பணம் கேட்டு வருகிற காகிதங்களைப் படிக்கிறவன் அவன். வண்டி புளியமரத்தில் மோதியது என்று ஒருவன் எழுதிக்கொடுப்பான், மறுவாரம் அதே ஆள் வேப்பமரம் என்பான். மரம் எது என்பது முக்கியமில்லை. முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் நடுவில் என்ன நடந்தது, யாரைப் பார்த்தான், யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், அதுதான் முக்கியம். உடனே கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான். சும்மா இருந்தால் தானே பேசுவான். இப்போது இரண்டு பட்டியல் இருக்கிறது, பெரிய போர்டுப் பட்டியலும் சின்ன போர்டுப் பட்டியலும், நடுவில் என்ன நடந்தது? சின்னதில் இடம் குறைவு, விலை அதிகம், சூடு அதிகம், நாளைக்கு எதையும் சேர்க்க முடியாது. இத்தனை நஷ்டத்துக்கும் எதிராக ஒரே ஒரு லாபம், பெட்டி சின்னதாக இருக்கும், ஒரு பெண்பிள்ளை ஒற்றை ஆளாகப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். வீட்டில் இருக்கப்போகிறவளுக்கு அது எதற்கு? ஜன்னலோரத்தில் பத்து வருஷம் இருக்கப்போகிற பெட்டியை யார் தூக்கப்போகிறார்கள்? அவன் அவள் முதுகைப் பார்த்தான். பச்சைச் சுடிதார். தலைக்குக் குளித்து முடியை நுனியில் மட்டும் முடிந்திருந்தாள். மேசைக்கு அடியிலிருந்த போர்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல். தீர்மானம் செய்துவிட்டவர்களுக்குத்தான் அந்த நிதானம் வரும். க்ளெய்மில் பொய் சொல்கிறவன் பதறுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பதறுகிறவன் பெரும்பாலும் உண்மையாகவே அடிபட்டவன். நிதானமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடிக்கிறவனைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தாள். வேணுமா என்று திரும்பாமலே பாட்டிலைப் பின்னால் நீட்டினாள். வேண்டாம் என்றான்.

எல்லாம் இந்த ஒன்பது, பத்து நாளுக்குள்தான். அதற்குமுன் ஒன்றுமில்லை, அதையும் அவன் மனசுக்குள் தேதிபோட்டுப் பார்த்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து நீல சூட்கேஸை இறக்கித் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாள். பூச்சி வந்திருக்குமோன்னு பார்த்தேன் என்றாள். கேட்காமலே சொன்னாள், அது ஒரு குறி. செவ்வாய்க்கிழமை பால்கனியில் இருந்த ஏழு தொட்டியில் ஐந்தைக் கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டாள். வெயில் பத்தறதில்லையாம். ஆறு வருஷமாகப் பத்தியது. தன் கம்பெனி முதலாளியோடு மொட்டை மாடியில் நின்று அரை மணி நேரம் போன். அவள் பனியன் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி டிசைன் போடுகிற வேலையில் இருந்தாள். தினமும் எட்டு மணி நேரம் நேரில் பார்க்கிற முதலாளியிடம் வீட்டிலிருந்து மாடியேறிப் போய் அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது? இறங்கி வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவையும் அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். அப்புறம் கரடி. கரடி என்பது பெயரில்லை, அவர்கள் விளையாட்டில் வைத்துக்கொள்கிற பட்டம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு டாங்கி ஓட்டுகிற விளையாட்டு அது. ஓட்டுகிறவள் வாணி, சுடுவது கரடி. காதில் ஹெட்போன் இருப்பதால் அந்தப் பக்கத்துக் குரல் எதுவும் வெளியே வராது. கரடி, லெஃப்டுல பாரு, கரடி, என்னைக் காப்பாத்து, ஐயோ கரடி நீ ஒருத்தன் போதும் என்று இவள் சொல்வது மட்டும் சுவரைத் தாண்டி வரும். நீ ஒருத்தன் என்றாளா, நீ ஒருத்தி என்றாளா? ஒருத்தன் என்றுதான் காதில் விழுந்தது. ஆனால் காதில் விழுந்ததை எழுதிக்கொடுக்கச் சொன்னால் எந்தச் சாட்சியும் திணறத்தான் செய்வான். போன புதன்கிழமை அதைவிடத் தெளிவாக ஒன்று கேட்டது. "சரி கரடி, நேர்லயே பாக்கலாம். கிட்டத்துலதானே இருப்பேன்." அப்படிச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு. அதை நினைத்ததும் அவன் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் சிவப்பாகி, நீலமாகி, ஊதாவாகி ஓடிக்கொண்டிருந்தன. அதையே பார்த்தால் தலை சுற்றியது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. புது பிளாஸ்டிக்கின் வாடை, கீழேயிருந்து வடை எண்ணெயின் வாடை. கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவனோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் வருஷம், வால்பாறையில், அட்டை கடித்து அவன் தேயிலைத் தோட்டத்துக்குள் வேட்டியை அவிழ்த்து உதறியபோது அவள் உட்கார்ந்து, தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்புறம் எப்போது நின்றது? நின்றதா, இவன் கேட்பதை விட்டுவிட்டானா? ஆபீஸிலிருந்து வருவான், டிபன் மேசையில் மூடி வைத்திருக்கும், பேசுவாள், எல்லாம் பேசுவாள், கேஸ் வந்தது, தண்ணி வரலை, சித்தப்பா போன் பண்ணினார். ஏழு மணியானால் அந்த அறைக்குள் போய் பழைய லேப்டாப்பைத் திறப்பாள். ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் அவன் ஹாலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். உள்ளே அவள் மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். என்ன வாணி, என்று எழுந்துபோய்க் கதவருகில் நின்றான். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கி, "ஒண்ணுமில்லீங்க, சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. திரும்பி வந்து மீதிக் கடலையை உரித்தான். மறுநாள் ஆபீஸில்...

மறுநாள் ஆபீஸில் என்ன என்று அவன் மனசு நினைக்க மறுத்து, வேறு பக்கம் திரும்பி, நவ்ஷாத் ஏன் இன்னும் வரவில்லை, பத்து நிமிஷம் என்றாரே, மேலே போய் யாருக்கோ விற்றுத் திரும்பி வந்த பழைய போர்டுக்குப் புதுப் பெட்டி மாட்டுகிறாரோ, சீல் எல்லாம் இவர்களிடமே ரோல் ரோலாக இருக்கும் என்று ஓடியது. ஓடிப்போய், சுற்றிவிட்டு, திரும்ப அங்கேயே வந்து நின்றது. ஆபீஸில் அவன் மேசையில் இரண்டாவது டிராயர். அதில் ஒரு உறை. இருபத்திரண்டு நாளாக இருக்கிறது. நாகர்கோவில் கிளைக்கு மாற்றல், டிசம்பர் ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். வாணியிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, நடுவில் பட்டியல் எழுத உட்கார்ந்ததும் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று அவள் சொன்னபோது ஆமாம் என்று தலையை ஆட்டி, செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினானே, அந்தக் கை எப்படி நகர்த்தியது? அதுகூடப் போகட்டும். மாற்றல் எல்லாருக்கும்தான் வருகிறது. ஆனால் அந்த உறைக்குள் இருக்கிற காகிதத்தின் முதல் வரியிலேயே, ஊழியரின் சொந்த வேண்டுகோளின் பேரில், என்று இருக்கிறது. கடலை உரித்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவனே எழுதினான். தொலைதூரக் கிளை எதுவானாலும் சம்மதம் என்று எழுதினான். எழுதும்போது மனசில் ஒரு காட்சி இருந்தது. ஆர்டரைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பான், அவள் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, போகாதீங்க என்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தக் காட்சியில் ஒன்றும் இல்லை. யாரும் போக விரும்பாத இடத்துக்கு ஆள் கிடைத்தால் நிர்வாகம் விடுமா? தூக்கிக் கொடுத்துவிட்டது. கையில் ஆர்டர் வந்த பிறகுதான் காட்சியின் இன்னொரு பாதி அவனுக்குத் தெரிந்தது. சரி, போய்ட்டு வாங்க என்று அவள் சொல்லிவிட்டால்? ஹெட்போனைக் கழற்றாமலே சொல்லிவிட்டால்? அந்த பயத்தில்தான் டிராயரைப் பூட்டினான். பூட்டிய இரண்டாவது வாரத்திலிருந்து அவன் கண்ணில் பட்டதெல்லாம் சூட்கேஸும் தொட்டியும் மொட்டை மாடியும். போகப்போகிறவன் அவன். ஆனால் அவள் போகப்போகிறாள் என்று சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறான். அது அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை, பல்லில் சிக்கினதை நாக்கு விடாத மாதிரி.

கோகிலவாணி இன்னொரு ஸ்டூலை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "கேக்கவே மாட்டீங்களா?" என்றாள்.

"என்ன?"

"ஏன் சின்ன போர்டுன்னு."

"உன் கம்ப்யூட்டர். உனக்கு எது தோதோ அது."

"எங்க தூக்கிட்டுப் போறேன்னும் கேக்க மாட்டீங்க?"

தானாகப் பேச வருகிற ஆளைக் குறுக்கே பேசக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "கரடிகிட்டயா?"

அவள் அவனை ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கிற்று. முகத்தில் சிரிப்புக்கும் எரிச்சலுக்கும் நடுவில் ஒன்று வந்துபோனது. "கரடி பேரு ஜெபசெல்வி. மார்த்தாண்டத்துல ஸ்கூல் டீச்சர், ரெண்டு கொழந்த. அவங்ககிட்டத்தான் வீடு பாக்கச் சொல்லிருக்கேன். நாகர்கோவில்ல."

வண்ண விளக்குகள் ஒரு சுற்று சுற்றி வந்தன.

"உங்க ஆபீஸ் மனோன்மணி மேடத்தப் பூ மார்க்கெட்ல பாத்தேன், போன வாரம் வியாழக்கெழம. எப்பங்க கெளம்பறீங்கன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. டிசம்பர்ல நாகர்கோவில்தானுங்களேன்னு அவங்களே சொல்ல, நான் தலையாட்டிட்டு வந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு அன்னிக்கிருந்து பாத்துட்டே இருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானா யோசிச்சுப் பாத்தேன். எனக்கு வேலை இருக்குது, வரமாட்டேன், மனசு கஷ்டப்படும்னு மறைக்கறீங்களாட்ட இருக்குதுன்னு. அதனால மொதலாளிகிட்டப் பேசிட்டேன். டிசைன அங்கிருந்தே அனுப்பிக்கச் சொல்லிட்டாரு. மாசம் ஒருக்கா வந்துட்டுப் போனாப் போதும். வர்றப்ப கம்ப்யூட்டரையும் கொண்டுக்கிட்டு வரோணும். அதுக்குத்தான் சின்னது."

எல்லாம் சரியாகப் பொருந்தியது. சூட்கேஸ், தொட்டி, மொட்டை மாடி, கிட்டத்துலதானே இருப்பேன். ஒரு ஓட்டை இல்லாத க்ளெய்ம். பாஸ் பண்ணிவிட வேண்டியதுதான். அவன் உடம்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு இறங்கியது. அவள் வருகிறாள், போகாதீங்க என்பதைவிடப் பெரியதைச் சொல்கிறாள். ஆமாம் வாணி, அதனால்தான் மறைத்தேன் என்று சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். உடனே அந்த வெதுவெதுப்புக்குள்ளேயே ஒரு முள். மனோன்மணி இது மட்டும்தான் சொன்னாளா? வேண்டுகோளின் பேரில் என்பது அவளுக்குத் தெரியுமே, ஆர்டர்களைப் பதிந்து அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை அவளுடையதுதானே. வாணிக்கு எல்லாம் தெரிந்துதான் இப்படித் தலையாட்ட இடம் விட்டு வைக்கிறாளா? நான் ஆட்டுகிறேனா என்று பார்க்கிறாளா? அவள் கண்ணைத் தேடினான். எத்தனையோ பேர் கண்ணில் தேடியிருக்கிறான், இருக்கும், ஏதாவது ஒன்று இருக்கும். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. அவன் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மட்டும் காத்திருந்தாள். சந்தேகப்பட அவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படாதபோது அவனுக்கு முதல்முறையாகத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"மாத்தல் தானா வரல, வாணி. நான்தான் எழுதிக் கேட்டேன்."

"எப்போ?"

"ஆடில."

"ஆடில என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ உள்ள சிரிச்சுட்டு இருந்த."

அவள் புரியாமல் அவனையே பார்த்தாள். "நான் சிரிச்சதுக்கா?"

"ஆர்டர் வந்தா, போகாதீங்கன்னு நீ சொல்லுவீன்னு..."

"அப்ப வந்தன்னிக்கே கொண்டுவந்து காட்டியிருக்கலாமே."

"சரி, போங்கன்னு சொல்லிட்டீன்னா?"

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு போனது. துப்பட்டாவின் நுனியை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அழுவாளோ என்று அவன் பயந்தான், அழவில்லை. "நான் ஒம்பது நாளா," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எழுந்து மேசைப் பக்கம் போனாள்.

நவ்ஷாத் சின்னப் பெட்டியோடு வந்து, முன்பே எடுத்துவைத்திருந்த பெரிய பெட்டியையும் பக்கத்தில் வைத்தார். சின்னதைத் திறந்து காட்டினார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பலகை, வெள்ளிப் பாளங்களும் கோடுகளுமாக. கோகிலவாணி அதன் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, முன்னும் பின்னும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எதுக்கு பில் போடட்டுங்க்கா?"

அவள் திரும்பி திருமூர்த்தியைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான். ஒரு அந்நிய ஆளுக்கு முன்னால், கடையில், பட்டப்பகலில், "சின்னதே போடுங்க" என்றான். பிறகு அவளிடம், "வா வாணி" என்றான். பதினோரு வருஷத்தில் அப்படி அவன் எதையும் கேட்டதில்லை.

நவ்ஷாத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் போர்டை அதன் உறைக்குள் பதமாக நுழைத்து, பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சொருகி, அவர் பக்கம் தள்ளினாள். "பெருசுக்கே போடுங்க" என்றாள். "பெரிய கேபினெட்டும்."

பில் வந்தது, பணம் கட்டினார்கள். கடைக்கு வெளியே வந்து, மாடிப்படியின் தலைப்பில் நின்று, அவள்தான் சொன்னாள், அவனைப் பார்க்காமல். "கூப்பிட்டது கேட்டுச்சுங்க. இன்னிக்குக் காலைல வரைக்கும் நான் வர்றவதான். ஆனா இப்ப வந்தா, நான் ஒவ்வொரு வாட்டி சிரிக்கறப்பவும் நீங்க என்ன எழுதறீங்களோன்னு இருக்கும். என்னால முடியாது." கொஞ்சம் கழித்து, "ஒரு வருஷம் போய் இருங்க. வெள்ளிக்கெழம வண்டி ஏறினா விடியறதுக்குள்ள வந்தர்லாம். வாங்க. வேண்டாங்கல" என்றாள்.

போர்டு பெட்டியை அவள் எடுத்துக்கொண்டாள். கேபினெட் பெட்டி அவனுக்கு. அது அவன் இடுப்பிலிருந்து மூக்குவரை மறைத்தது. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கியதும் முன்னால் அட்டையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் ஒரு படி முன்னால் இறங்கி, பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டாள்.

"படி" என்றாள். "இன்னொண்ணு. இன்னொண்ணு. இப்ப திரும்பறோம், சமம்."

அவன் ஒவ்வொரு படிக்கும் கால் நுனியால் தடவிப் பார்த்துத்தான் வைத்தான்.

"தடவாதீங்க. நான்தான் சொல்றனே."

"ம்" என்றான். ஆனால் தடவிக்கொண்டேதான் இறங்கினான். அவளும் கடைசிப் படி வரைக்கும் சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.